நட்சத்திரங்கள் மூவர், அணி இல்லை: லேக்கர்ஸ் குழாம் சிதைந்த கதை

மட்டக்களப்பில் வளர்ந்த எவருக்கும் கூடைப்பந்து அந்நிய விளையாட்டு அல்ல. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அமெரிக்காவின் நியூ ஓர்லீன்ஸ் மாகாணத்திலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் அதை எங்கள் ஊரில் வேரூன்றச் செய்தார்கள். புனித மிக்கேல் கல்லூரி மாணவர்களுக்குக் கூடைப்பந்து பயிற்றுவித்த அருட்தந்தை யூஜின் ஹேபர்ட், 1990 ஓகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற்போனார். அவருடன் வந்த தமிழ் இளைஞரும் திரும்பவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற விளையாட்டு மட்டும் எங்கள் பாடசாலைத் திடல்களில் தொடர்ந்தது.

அந்தத் திடல்களில் ஒன்றில்தான் நானும் விளையாடினேன். ஒரு வருடம் எங்கள் பாடசாலை அணியில் அதிகம் புள்ளி எடுக்கும் ஐவரையும் ஒன்றாகக் களத்தில் இறக்கினார்கள். எதிரணியின் மிகச்சிறந்த வீரனை விடாமல் துரத்தக்கூடிய, ஆனால் சொந்தமாகப் புள்ளி எடுக்கத் தெரியாத எனது நண்பன் ஒருவன் வெளியே உட்கார்ந்திருந்தான். நாங்கள் ஐவரும் பந்துக்காகக் கைநீட்டிக்கொண்டு நின்றோம். முதல் சுற்றிலேயே தோற்று வீடு வந்தோம். அன்றைக்குத் தோல்விக்குக் காரணம் அதிர்ஷ்டம் என்றே நினைத்தேன்.

பல வருடங்களின் பின், உலகின் மிகப் பிரபலமான கூடைப்பந்து அணி ஒன்று அதே பிழையைக் கோடிக்கணக்கான டொலர் செலவிட்டுச் செய்ததைப் பார்த்தேன். 2021-22 பருவகாலத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ்தான் அந்த அணி. ஒரு குழாத்தை எப்படிக் கட்டக்கூடாது என்பதற்கு இன்று அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே உண்மையில் என்ன நடந்தது, யார் விலை கொடுத்தார்கள் என்பதை ஒழுங்காகப் பதிந்துவைப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

2020: வெற்றி எதனால் வந்தது?

2020 ஒக்டோபரில் மயாமி ஹீட் அணியை 4-2 என்ற கணக்கில் வென்று லேக்கர்ஸ் தனது 17ஆவது என்.பி.ஏ. கிண்ணத்தைக் கைப்பற்றியது. கொரோனா காரணமாக ஒர்லாண்டோவில் மூடிய வளாகத்துக்குள் நடந்த தொடர் அது. லெப்ரோன் ஜேம்ஸ், அன்தனி டேவிஸ் ஆகிய இருவரின் பெயரே எங்கும் ஒலித்தது. ஆனால் அந்த அணியின் முதுகெலும்பு தடுப்பாட்டம். பயிற்றுநர் ஃபிராங்க் வோகல் அதற்குப் பெயர்போனவர். கென்டேவியஸ் கோல்ட்வெல்-போப், டானி கிரீன், அலெக்ஸ் கரூசோ போன்றோர் எதிரணியின் பந்து கொண்டுவருபவரை எல்லையிலேயே மறிப்பார்கள். மறித்ததைத் தாண்டி வருபவரை வளையத்துக்குக் கீழே டேவிஸும் டுவைட் ஹவார்டும் கவனித்துக்கொள்வார்கள். பந்து தங்கள் பக்கம் வந்ததும் அதே வீரர்கள் மூன்று புள்ளிக் கோட்டருகே போய் நிற்பார்கள். ஜேம்ஸ் உள்ளே பாய்வார். அவரை இருவர் சூழ்ந்தால் பந்து வெளியே வரும்.

இறுதித் தொடரின் ஆறாவது போட்டியை நினைவில் வைத்திருப்பது பயனுள்ளது. வோகல் ஹவார்டை வெளியே இருத்திவிட்டுக் கரூசோவை ஆரம்ப ஐவரில் சேர்த்தார். கரூசோ புதுமுகத் தெரிவில் எந்த அணியாலும் எடுக்கப்படாத வீரர். லேக்கர்ஸ் 106-93 என வென்று கிண்ணத்தைத் தூக்கியது.

அடுத்த பருவத்திலும் லேக்கர்ஸின் தடுப்பாட்டம் லீக்கிலேயே முதலிடத்தில் இருந்தது. ஆனால் ஜேம்ஸும் டேவிஸும் காயமடைந்தார்கள். 42-30 என்ற பெறுபேற்றுடன் ஏழாம் இடம் வந்து, முதல் சுற்றில் ஃபீனிக்ஸ் சன்ஸிடம் 4-2 எனத் தோற்றது. நிர்வாகம் இந்தத் தோல்வியிலிருந்து எடுத்த முடிவு, இருவரின் சுமையைக் குறைக்க மூன்றாவது நட்சத்திரம் ஒருவர் வேண்டும் என்பது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

2021 கோடை: என்ன வாங்கினார்கள், என்ன விற்றார்கள்?

2021 ஜூலை இறுதியில் இணங்கி ஓகஸ்டில் நிறைவேறிய பரிமாற்றத்தில், வொஷிங்டன் விஸார்ட்ஸிடமிருந்து ரஸல் வெஸ்ட்புரூக்கை லேக்கர்ஸ் பெற்றது. பதிலுக்குக் கைல் குஸ்மா, கோல்ட்வெல்-போப், மொன்ட்ரெஸ் ஹரல் ஆகிய மூவரும் அந்த வருடத்தின் 22ஆவது புதுமுகத் தெரிவும் போயின.

வெஸ்ட்புரூக் சாதாரண வீரர் அல்ல. 2017இல் லீக்கின் மிகப் பெறுமதியான வீரர் விருது பெற்றவர். அந்தப் பருவத்தில் 42 தடவை ட்ரிபிள் டபிள் எடுத்தவர். அதாவது ஒரே போட்டியில் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் இரட்டை இலக்கம். 2021 மே மாதம் ஒஸ்கார் ரொபர்ட்சனின் 181 என்ற நீண்டகாலச் சாதனையையும் தாண்டியிருந்தார். அதற்கும் மேலாக, அவர் லொஸ் ஏஞ்சலிஸை அண்டிய லோங் பீச்சில் பிறந்தவர். சொந்த ஊருக்குத் திரும்பும் மகன் என்றே செய்திகள் வந்தன.

அதே நாட்களில் வேறொரு பரிமாற்றமும் ஏறக்குறைய முடிவாகியிருந்ததாகப் பரவலாகச் செய்தி வெளியானது. சக்ரமென்டோ கிங்ஸிடமிருந்து பட்டி ஹீல்டை எடுப்பது. தூரத்திலிருந்து எறிவதில் லீக்கின் சிறந்தவர்களில் ஒருவர் ஹீல்ட். பெயரில் சிறியவர், பொருத்தத்தில் பெரியவர். லேக்கர்ஸ் பெயரைத் தெரிவுசெய்தது.

பணக் கணக்கு: நட்சத்திரத்தின் உண்மையான விலை

இதை விளங்கிக்கொள்ள என்.பி.ஏ.யின் சம்பள விதியைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். 2021-22இல் ஒரு அணியின் சம்பள உச்சவரம்பு சுமார் 112.4 மில்லியன் டொலர். இந்த உச்சவரம்பை மீற முடியும். ஏற்கெனவே இருக்கும் தமது வீரரைத் தக்கவைக்க மீறலாம், மிகக் குறைந்த சம்பளத்தில் ஆள் எடுக்க மீறலாம். ஆனால் மீறிய அணி வெளியிலிருந்து நல்ல வீரர் ஒருவரைப் பெரிய சம்பளத்துக்கு நேரடியாக எடுக்க முடியாது. வீரர் பரிமாற்றத்திலும் இரு பக்கச் சம்பளமும் ஏறத்தாழப் பொருந்தவேண்டும்.

வெஸ்ட்புரூக்கின் அந்த வருடச் சம்பளம் 44.2 மில்லியன். ஜேம்ஸுக்கு 41.2 மில்லியன். டேவிஸுக்கு 35.4 மில்லியன். மூவருக்குமான கூட்டுத்தொகை ஏறக்குறைய 120.8 மில்லியன். மூன்று பேரின் சம்பளமே முழு அணிக்கான உச்சவரம்பைத் தாண்டிவிட்டது. இன்னும் பத்துக்கு மேற்பட்ட இடங்கள் நிரப்பப்படவேண்டியிருந்தன.

44.2 மில்லியன் சம்பளத்துக்கு ஈடுகட்ட, சுமார் 13 மில்லியன் வாங்கும் இருவரையும் 9.7 மில்லியன் வாங்கும் ஒருவரையும் சேர்த்துக் கொடுக்கவேண்டி வந்தது. இந்த நடுத்தரச் சம்பளக்காரர்கள்தான் ஒரு குழாத்தின் சில்லறைக் காசு. அவர்கள் கையில் இருந்தால் தேவைக்கு ஏற்ப வேறு வீரர்களை மாற்றி எடுக்கலாம். அந்தச் சில்லறை முழுவதையும் கொடுத்து ஒரு பெரிய நோட்டை வாங்கினார்கள். பிறகு அந்த நோட்டை மாற்ற எந்தக் கடையும் முன்வரவில்லை. ஏனெனில் அடுத்த வருடத்துக்கும் 47 மில்லியன் பெறும் தெரிவு வெஸ்ட்புரூக்கின் கையிலேயே இருந்தது. 2022 ஜூனில் அவர் அதைப் பயன்படுத்திக்கொண்டார். யாராக இருந்தாலும் அதையே செய்திருப்பார்.

அடுத்த இழப்பு கரூசோ. தமது சொந்த வீரர் என்பதால் அவரைத் தக்கவைக்க விதியில் தடை ஏதும் இல்லை. ஆனால் அணி ஆடம்பர வரிக் கோட்டைத் தாண்டியிருந்ததால் அவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு டொலருக்கும் மேலதிக வரி கட்டவேண்டும். சிக்காகோ புல்ஸ் நான்கு வருடங்களுக்கு 37 மில்லியன் கொடுத்தது. கரூசோ போய்விட்டார்.

மிச்ச இடங்கள் பெரும்பாலும் மூத்த வீரர்களுக்கான ஆகக்குறைந்த சம்பளத்தில், அதாவது சுமார் 26 இலட்சம் டொலருக்கு, நிரப்பப்பட்டன. 37 வயது கார்மெலோ அன்தனி, 36 வயது ட்ரெவர் அரிஸா, 35 வயது ஹவார்ட், 35 வயது ரஜோன் ரொண்டோ, 33 வயது டிஅன்ட்ரே ஜோர்டன், 33 வயது வெய்ன் எலிங்டன். பத்து வருடங்களுக்கு முன் கனவு அணி என்று சொல்லியிருக்கலாம். அந்த வருடம் அது லீக்கின் மிக வயதான குழாம். முந்திய பருவத்தில் இருந்தவர்களில் ஜேம்ஸ், டேவிஸ், டேலன் ஹோர்டன்-டக்கர் ஆகிய மூவரே எஞ்சியிருந்தனர்.

களத்தில் பொருந்தாமை எப்படித் தெரிந்தது?

முதலாவது, பந்து ஒன்றுதான். ஜேம்ஸ் பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்துபவர். வெஸ்ட்புரூக்கும் அப்படியே. பந்து கையில் இல்லாதபோது ஒரு வீரர் மூலையில் நின்று எறிதலால் அச்சுறுத்தவேண்டும், அல்லது வெட்டி ஓடி இடம் பிடிக்கவேண்டும். வெஸ்ட்புரூக் தன் வாழ்நாள் முழுக்க அதைச் செய்யவேண்டிய தேவை இல்லாமல் வளர்ந்தவர்.

இரண்டாவது, இடைவெளி. மூன்று புள்ளி எறிதலில் அந்தப் பருவத்தின் லீக் சராசரி 35 வீதத்தைக் கொஞ்சம் தாண்டியது. வெஸ்ட்புரூக்குக்கு 29.8 வீதம். எனவே அவரைக் காவல் செய்யவேண்டியவர் அவரை அப்படியே விட்டுவிட்டு வளையத்துக்குக் கீழே போய் நிற்பார். ஜேம்ஸ் பாயவேண்டிய பாதையில் ஒரு மேலதிக ஆள். அதே இடத்தில் ஹவார்டோ ஜோர்டனோ தமது காவலரோடு நின்றால் இன்னும் இருவர். பாதையே இல்லை. இது ஒருவரின் திறமைக் குறைவு அல்ல. ஒரே இடத்தைத் தேவைப்படுத்துபவர்களை ஒன்றாக வைத்ததன் விளைவு.

மூன்றாவது, மறிப்பவர்கள் இல்லை. கோல்ட்வெல்-போப், கரூசோ இருவரும் போன பின் எதிரணியின் வேகமான வீரர்களை எல்லையில் தடுக்க ஆளில்லை. முந்திய பருவம் முதலிடத்தில் இருந்த தடுப்பாட்டம் 21ஆம் இடத்துக்குச் சரிந்தது. பயிற்றுநர் அதே வோகல்தான். தடுப்பாட்டத்தில் தேர்ந்த ஒருவரிடம் அதற்கான ஆட்களை எடுத்துவிட்டு அதே பெறுபேற்றைக் கேட்டார்கள்.

முன்பருவப் போட்டிகள் ஆறிலும் தோல்வி. இலங்கை நேரப்படி ஒக்டோபர் 20 காலை, தேநீருடன் முதல் போட்டியைப் பார்க்க உட்கார்ந்தேன். ஜேம்ஸ் 34 புள்ளி, டேவிஸ் 33 புள்ளி, வெஸ்ட்புரூக் 8 புள்ளி. கோல்டன் ஸ்டேட் வொரியர்ஸ் 121-114 என வென்றது. ஒரு வாரம் கழித்து, அதுவரை ஒரு போட்டியும் வெல்லாத ஒக்லஹோமா சிட்டி தண்டர் அணியிடம், ஜேம்ஸ் ஆடாத போட்டியொன்றில், 26 புள்ளி முன்னிலையில் இருந்து தோற்றார்கள். அதன் பின் எட்டே நாட்களில் அதே அணியிடம் 19 புள்ளி முன்னிலையைக் கைவிட்டு மீண்டும் தோற்றார்கள்.

காயம்தான் காரணமா?

லேக்கர்ஸைக் காத்துப் பேசுவோர் காயங்களைச் சுட்டுவார்கள். அதில் உண்மை உண்டு. 82 போட்டிகளில் ஜேம்ஸ் 56இலும் டேவிஸ் 40இலும் மட்டுமே ஆடினார்கள். 5 மில்லியனுக்கு எடுக்கப்பட்ட கென்ட்ரிக் நன் முழங்கால் காயத்தால் அந்தப் பருவம் ஒரு போட்டியில் கூட ஆடவில்லை.

ஆனால் மூன்று நட்சத்திரங்களும் ஒன்றாக ஆடிய 21 போட்டிகளின் பெறுபேறு 11 வெற்றி, 10 தோல்வி. அனைவரும் நலமாக இருந்தபோதும் அது சாதாரண அணிதான். அதோடு, 30ஐத் தாண்டியவர்களால் நிரம்பிய குழாத்தில் காயம் என்பது எதிர்பாராத விபத்து அல்ல. கட்டும்போதே கணக்கில் எடுத்திருக்கவேண்டிய ஒன்று.

ஜேம்ஸ் அந்த வருடம் சராசரி 30.3 புள்ளி எடுத்தார். அதுவும் போதவில்லை. 2022 ஏப்ரல் 5ஆம் திகதி ஃபீனிக்ஸிடம் 121-110 எனத் தோற்று, தகுதிச் சுற்றுக்குக் கூடச் செல்லாமல் வெளியேறினார்கள். முடிவு 33-49.

பழி யார் தலையில் விழுந்தது?

எனக்கு இந்தக் கதையில் முக்கியமான பகுதி இதுதான். அந்தப் பருவம் வெஸ்ட்புரூக் 78 போட்டிகளில் ஆடினார். சராசரி 18.5 புள்ளி, 7.4 ரீபவுண்ட், 7.1 அசிஸ்ட். மூவரில் அதிக நாட்கள் களத்துக்கு வந்தவர் அவரே. சொந்த அரங்கிலேயே அவர் எறியப்போகும்போது கூட்டம் முணுமுணுத்தது. வளையத்தில் பட்டுத் தெறிக்கும் மோசமான எறிதலை அங்கே 'பிரிக்' என்பார்கள். செங்கல். வெஸ்ட்புரூக் என்ற பெயரை வெஸ்ட்பிரிக் என்று திரித்தார்கள். 2022 மார்ச்சில் அவர் செய்தியாளர்கள் முன் இதைப் பற்றிப் பேசினார். அது தன் பிள்ளைகளின் பெயரும் கூட என்பதை நினைவூட்டினார். போட்டிகளுக்குத் தன் குடும்பத்தை அழைத்துவருவதற்கே தயங்கும் நிலை வந்துவிட்டதாகச் சொன்னார். அவர்கள் சாகவேண்டும் என்று விரும்பும் வசைகள் கூட வருவதாக அவருடைய மனைவி வெளிப்படையாக எழுதினார்.

பருவம் முடிந்த மறுநாள் வோகல் பதவி நீக்கப்பட்டார். கிண்ணம் வென்று 18 மாதங்கள்தான் ஆகியிருந்தன. குழாத்தைக் கட்டிய பொது முகாமையாளர் ரொப் பெலிங்கா பதவியில் தொடர்ந்தார். இந்தப் பரிமாற்றத்துக்கு ஜேம்ஸும் டேவிஸும் ஆதரவாக இருந்ததாகவும், வெஸ்ட்புரூக்கை முன்கூட்டியே சந்தித்துப் பேசியதாகவும் அன்றே செய்திகள் வெளிவந்தன. கட்டியவர்கள் மேலே இருக்க, கட்டடத்தில் குடியிருந்தவர் மேல் பழி விழுந்தது.

வெஸ்ட்புரூக் பொருந்திய இடங்களும் இருந்தன என்பதை மறக்கக்கூடாது. 2020 பெப்ரவரியில் ஹூஸ்டன் ரொக்கெட்ஸ் தனது உயரமான நடுவீரர் கிளின்ட் கபேலாவை விட்டுவிட்டு, தூர எறிதல் தெரிந்தவர்களை வெஸ்ட்புரூக்கைச் சுற்றி நிறுத்தியது. வளையத்துக்குக் கீழே வெறும் வெளி. அந்த வாரங்களில் அவரைத் தடுப்பது பெரும்பாடாக இருந்தது. அங்கே அணி அவருக்காக வளைந்தது. லேக்கர்ஸில் அவரைச் சதுரத் துளைக்குள் அடித்து இறக்கப் பார்த்தார்கள்.

திருத்தம்: 2023 பெப்ரவரி

அடுத்த பருவம் புதிய பயிற்றுநர் டார்வின் ஹாம் வெஸ்ட்புரூக்கைப் பெஞ்சிலிருந்து இறக்கினார். முதல் 12 போட்டிகளில் 2 மட்டுமே வெற்றி. 2023 ஜனவரியில் ரூயி ஹச்சிமுராவும், பெப்ரவரியில் வெஸ்ட்புரூக்கைக் கொடுத்த பரிமாற்றத்தில் டி'ஆஞ்சலோ ரஸல், மலிக் பீஸ்லி, ஜரட் வாண்டர்பில்ட் ஆகியோரும் வந்தார்கள். இவர்களில் எவரும் அரங்கு நிறைக்கும் பெயர் அல்ல. ஒருவர் எறிவார், ஒருவர் மறிப்பார், ஒருவர் உயரம் தருவார். 2021இல் புதுமுகத் தெரிவில் எவரும் எடுக்காத ஒஸ்டின் ரீவ்ஸ் அவர்கள் நடுவே வளர்ந்துவந்தார்.

அதே ஜேம்ஸ், அதே டேவிஸ். அணி 43-39 என முடித்து, மெம்பிஸையும் கோல்டன் ஸ்டேட்டையும் வீழ்த்தி மேற்குப் பிராந்திய இறுதிவரை சென்றது. அங்கே டென்வர் நகெட்ஸிடம் 4-0 எனத் தோற்றது. டென்வரின் ஆரம்ப ஐவரில் ஒருவர் கோல்ட்வெல்-போப். லேக்கர்ஸ் விற்ற அதே ஆள். அந்த வருடக் கிண்ணம் அவர் கைக்குப் போனது. கரூசோ அதே பருவத்தில் லீக்கின் சிறந்த தடுப்பாட்ட ஐவரில் இடம்பிடித்தார். 2025இல் ஒக்லஹோமா சிட்டியுடன் இன்னொரு கிண்ணமும் வென்றார்.

வெஸ்ட்புரூக் அதே நகரின் மற்ற அணியான கிளிப்பர்ஸில் சேர்ந்தார். 2023 முதல் சுற்றில் ஃபீனிக்ஸுக்கு எதிராகச் சராசரி 23 புள்ளிக்கு மேல் எடுத்தார். அணி தோற்றது. ஆனால் அரங்கு அவர் பெயரைச் சரியாகச் சொல்லிக் கைதட்டியது.

ஒரு குழாத்தைப் பார்க்கும்போது கேட்கவேண்டியவை

இந்தக் கதையிலிருந்து எந்த விளையாட்டுக்கும் எடுத்துச்செல்லக்கூடிய சில கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். ஊர்க் கழகத்தில் அணி தெரிவுசெய்பவர்களுக்கும் இவை உதவலாம்.

- பந்து கையில் இல்லாதபோது இந்த வீரர் என்ன செய்வார்?
- எதிரணியின் சிறந்தவரை மறிக்கும் வேலை யாருடையது? அதை விரும்பிச் செய்பவர் குழாத்தில் உண்டா?
- புதிதாக வருபவருக்குத் தேவைப்படும் இடத்தில் ஏற்கெனவே ஒருவர் நிற்கிறாரா?
- இவரை எடுப்பதற்காக யாரை விடுகிறோம்? விடப்படுபவர் செய்துவந்த வேலையை இனி யார் செய்வார்?
- முடிவு பிழைத்தால் திருத்துவதற்குக் கையில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?
- தோற்றால் பொறுப்பேற்கப்போவது தெரிவுசெய்தவரா, விளையாடியவரா?

கடைசிக் கேள்வியை நான் பின்னர்தான் சேர்த்தேன். அன்று எங்கள் பாடசாலை அணி தோற்றபோது, பந்தைப் பகிரவில்லை என்று ஒரு பையனை எல்லோரும் திட்டினோம். அதன் பின் அவன் திடலுக்கு வரவேயில்லை. ஐந்து பேருக்கும் பந்து தேவைப்படும்படி அணியைத் தெரிவுசெய்தது அவன் அல்ல என்று அன்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.